திறந்துவிட்ட நீர்

விடிகாலை மூன்றேமுக்கால்.
பெல்லந்தூரில் குழாய் இரண்டுமுறை இருமிவிட்டுப்
படுத்துக்கொண்டது.
டேங்கர் ஆறு மணிக்கு வரும்,
வந்தால்.
இருபது லிட்டர் கேனைத் தொடைமேல் சாய்த்து
நீர்ப்பைக்குள் மூன்று லிட்டர் ஊற்றுகிறேன்,
மருந்துக்கு வாய் திறக்காத பிள்ளையைப் போல
அதன் வாயை இரு விரலால் விரித்து.
மிச்சத்தில் அரைக்குவளை பல் துலக்க.
குளியல் நாளைக்கு.

குறைகுடம் தளும்பும் என்று படித்தவள்தான் நானும்.
அதைச் சொன்னவர் யாரும்
குடத்தை முதுகில் கட்டிக்கொண்டு
மலை ஏறியிருக்க மாட்டார்.
தளும்ப வைப்பது மேலே நிற்கும் காற்று.
பையைத் தலைகீழாகப் பிடித்து
குழலின் நுனியைக் கடித்து உறிஞ்சினால்
காற்றெல்லாம் வந்துவிடும்.
அதன்பிறகு பாதிப் பைகூட
ஒரு சொல் பேசாது.

எடை முதுகெலும்பை ஒட்டி நிற்கவேண்டும்.
கைப்பேசிக்கு ஒரு ஜிப் உறை,
மாற்றுச் சட்டைக்கு ஒன்று,
எலுமிச்சை சாதத்துக்கு இரண்டு.
எல்லாம் செய்தேன்.
பையின் அடியில் குழல் சேருமிடத்தில்
மரை மட்டும் அரைச்சுற்று தப்பி ஏறியிருந்தது.
அந்த இருட்டில் என் விரல்
அதைச் சொல்லவில்லை.

சாவனதுர்கா. ஒரே கல்.
பைக்கின் பின்னாலிருந்து நாகவேணி இறங்கி
தன் எஃகுப் பாட்டிலை ஆட்டிப் பார்த்தாள்.
பிளாஸ்டிக் இருக்கிறதா என்று
வாசலில் பைகளைத் தடவிய காவலர்
என் பையைத் தொட்ட கையைக்
கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.
அப்போதே புரிந்திருக்கவேண்டும்.

இடுப்பு நனைந்தபோது வியர்வை என்றேன்.
தொடை நனைந்தபோதும் வியர்வை என்றேன்,
கொஞ்சம் பெருமையாகவே.
"பெவரு இஷ்டு தண்ணகெ இரல்ல கணே" என்றாள்.
வியர்வை இத்தனை சில்லென்று இருக்காதாம்.

திரும்பிப் பார்த்தேன்.
ஏறிவந்த பாறை நெடுகக் கறுத்த ஒற்றைக்கோடு.
வழுக்கிய இடத்தில் அகன்று,
மூச்சுவாங்க நின்ற இடங்களிலெல்லாம்
வட்டமாகத் தேங்கி,
பயந்த இடத்தில் இரண்டாகக் கிளைத்து.
அடிவாரத்துப் பகுதி அதற்குள் காய்ந்துவிட்டது.

தூரத்தில் மஞ்சனபெலெ அணை
வெயிலில் கழுவிவைத்த தட்டு.
"எவ்வளவு திறந்துவிட்டாய்?"
"மூன்று லிட்டர்."
விரலால் வழி காட்டினாள்:
இங்கிருந்து அர்க்காவதி, அப்புறம் சங்கமா,
அங்கே காவேரி, கீழே பிலிகுண்டுலு.
"அங்கே அளந்து எழுதுவார்கள்.
இந்த மாதக் கணக்கில் சேர்க்கச் சொல்."

சிரித்தோம்.
சிரிப்பின் நடுவே ஒரு கல் இருந்தது,
இருவரும் அதைச் சுற்றி நடந்தோம்.
ஒரு செப்டம்பரில்
என் பைக்கின் டிஎன் எண்பலகைமேல்
செய்தித்தாளை மடித்து ஒட்டியவள் இவள்தான்.
அதைப் பற்றி அன்றும் பேசவில்லை.

அவளிடம் ஒரு லிட்டர்.
நந்தி இருக்கும் உச்சிக்கு இன்னும் முக்கால் மணி,
இறங்க இரண்டு.
மூடியில் ஊற்றி நீட்டினாள்,
விளிம்புவரை, சிந்தாமல்.
எந்த ஆணையமும் உட்காரவில்லை,
யாரும் யாருக்கும் மனுப் போடவில்லை.
ஆனாலும் அவள் மூடி நிறைகிறதா என்று
நான் பார்த்தேன்.
என் மூடியை அவளும் பார்த்தாள்.

உச்சியில் பையை அவிழ்த்தேன்.
வற்றிய பை வயிறு ஒட்டிக் கிடந்தது.
எலுமிச்சை சாதம் உலர்ந்தே இருந்தது, கைப்பேசியும்.
ஜிப் உறைகள் தங்கள் வேலையைச் செய்திருந்தன.
மரையை எடுத்துத் திரும்பத் திருகினேன்,
இனி எதற்கென்று தெரியாமல்.

குழலுக்குள் மட்டும்
கடிவாய் இறுக்கிப் பிடித்த ஒரு மிடறு
கீழே போகாமல் நின்றிருந்தது.
நீட்டினேன்.
"ரப்பர் நாற்றம்" என்றாள் நாகவேணி,
முழுவதையும் குடித்துவிட்டு.